மேற்பார்வையாளர்களுக்கு ஒரு நாள் மனநலப் பயிற்சி: எதைக் கற்றுத்தருவது, எதை விட்டுவிடுவது?

கேள்வி
பதிவிட்டவர்: சிப்காட் நல அலுவலர்

வணக்கம். இராணிப்பேட்டைப் பக்கம் ஒரு காலணித் தொழிற்சாலையில் நான்கு ஆண்டுகளாக நல அலுவலராக இருக்கிறேன். ஏறத்தாழ 1,200 பேர் வேலை செய்கிறார்கள். பெரும்பாலோர் பெண்கள், கலவை, திமிரி, சோளிங்கர், பனப்பாக்கம் பக்கத்துக் கிராமங்களில் விடியுமுன் எழுந்து சோறாக்கி வைத்துவிட்டுக் கம்பெனிப் பேருந்தில் ஏறி வருகிறவர்கள். எங்களிடம் காலணி வாங்கும் வெளிநாட்டு நிறுவனம் தனது ஆய்வுப் படிவத்தில் இந்த ஆண்டு புதிதாக ஒரு வரியைச் சேர்த்திருக்கிறது: மேற்பார்வையாளர்களுக்கு மனநலப் பயிற்சி அளிக்கப்பட்டுள்ளதா? நிர்வாகம் என்னைக் கூப்பிட்டு, ஒரு சனிக்கிழமை நாற்பது பேரையும் உணவுக்கூடத்தில் உட்கார வைத்து, யாரையாவது அழைத்துப் பேசவைத்து, கையெழுத்தும் புகைப்படமும் வாங்கிக் கோப்பில் சேர்த்துவிடும்படி சொல்லியிருக்கிறது.

கோப்புக்காக மட்டும் என்றால் இங்கே வந்து கேட்டிருக்க மாட்டேன். சித்திரை மாதத்தில் நடந்த ஒன்று என் மனத்தை விட்டு அகலவில்லை. தையல் பிரிவில் இருபத்து நான்கு வயதுப் பெண் ஒருவர், 26 வார மகப்பேறு விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பியிருந்தார். முன்பெல்லாம் அவர் தைத்த மேல்பகுதிகளில் திருத்தம் என்று ஒன்றுகூட வராது. இப்போது மணிக்கு ஆறு, ஏழு என்று செக்கிங் மேசையிலிருந்து திரும்பி வரத் தொடங்கின. மேற்பார்வையாளர் லைன் முழுவதும் கேட்கும்படி, "ஏம்மா, நெனப்பையெல்லாம் வீட்லயே வெச்சிட்டு வந்துட்டியா?" என்று கேட்டிருக்கிறார். மூன்றாவது வாரம் ஊசி விரலில் இறங்கிவிட்டது. முதலுதவி அறையில் கட்டுப் போட்டபோது அவர் விரலைப் பார்க்கவே இல்லை. சுவரைப் பார்த்தபடி ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். கை மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது. வீட்டார் வந்து அழைத்துப் போய் மந்திரித்துத் தாயத்துக் கட்டினார்கள். பதினொரு நாள் கழித்து வந்தார், இரண்டு நாள் வேலை செய்தார், பிறகு வரவில்லை.

அவர் பல வாரங்களாக இரவில் தூங்கவில்லை என்பதும், மதியச் சோற்று டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குத் திரும்ப எடுத்துச் சென்றார் என்பதும், "எம் புள்ளைக்கு நான் வேணாம்" என்று ஒருநாள் பேருந்தில் சொன்னார் என்பதும் பின்னால்தான் எனக்குத் தெரியவந்தன. அந்தப் பேருந்தில் வரும் அத்தனை பேருக்கும் ஒரு மாதமாகத் தெரிந்திருந்த செய்தி, கம்பெனியில் ஒருவருக்கும் தெரியவில்லை.

எனக்குக் கிடைத்திருப்பது ஒரே ஒரு நாள். அதில் எதைக் கற்றுத்தந்தால் அடுத்த முறை இப்படி நடக்காமல் இருக்கும்? மேற்பார்வையாளர்கள்தாம் இதற்கு உரியவர்களா? பயிற்சி முடிந்த மறுநாளிலிருந்து நான் என்ன ஏற்பாடு செய்து வைத்திருக்க வேண்டும்? இத்துறையில் அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டக் கேட்டுக்கொள்கிறேன்.


மறுமொழி 1
பதிவிட்டவர்: ஓய்வுபெற்ற செவிலி, பாகாயம்

சகோதரி, வேலூரில் மனநலப் பிரிவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் செவிலியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். உங்கள் கேள்விக்கான விடையின் பாதி அந்தப் பேருந்திலேயே இருக்கிறது. வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. (கிறித்தவ மருத்துவக் கல்லூரி) மனநல மையம் 1950களில் தொடங்கப்பட்ட காலம்தொட்டு, நோயாளியுடன் வீட்டார் ஒருவர் உடன் தங்குவது அங்கே வழக்கமாக இருந்துவருகிறது. நோயாளியைப் பூட்டிவைத்துவிட்டு உறவினரைத் திருப்பி அனுப்புவதே உலகெங்கும் முறையாக இருந்த நாட்களில் வந்த ஏற்பாடு அது. இரவில் எத்தனை முறை விழித்தார், எத்தனை கவளம் சாப்பிட்டார், யாரிடம் என்ன பேசினார் என்பதெல்லாம் மருத்துவர் வந்து கேட்கும் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடாது. கூடவே இருக்கிறவருக்குத்தான் தெரியும். உங்கள் தொழிற்சாலையில் கூடவே இருக்கிறவர்கள் பக்கத்து இருக்கைப் பெண்களும், முதலுதவி அறைச் செவிலியரும், பேருந்து ஓட்டுநரும்தாம். ஆகவே நாற்பது மேற்பார்வையாளர்களோடு ஒவ்வொரு பேருந்திலிருந்தும் இரண்டு பெண்களையாவது பயிற்சியில் உட்கார வையுங்கள். இதை மட்டும் செய்தாலே பாதி வேலை முடிந்தது என்பேன்.

அடுத்ததாக, நோய்ப் பெயர்களைக் கற்றுத்தர வேண்டாம். அழைத்து வரும் பேச்சாளர்கள் பெரும்பாலும் திரையில் பட்டியல் போட்டு, மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு என்று வகுப்பு எடுப்பார்கள். கேட்டவர்களுக்கு மறுநாள் எஞ்சுவது ஒருவரை ஒருவர் கேலி செய்யப் புதிதாக இரண்டு பட்டப்பெயர்கள் மட்டுமே. மேற்பார்வையாளர் அரை மருத்துவர் ஆகத் தேவையில்லை. உலக சுகாதார நிறுவனம் பேரிடர்க் காலத்துக்கென 2011இல் வகுத்த உளவியல் முதலுதவி, பார், கேள், இணைத்துவிடு என்ற மூன்று சொற்களில் அடங்கிவிடுகிறது. உங்களுக்கும் அது போதும். நான் கூடுதலாகச் சேர்ப்பது, வாயை மூடிக்கொண்டிரு என்பது ஒன்றுதான்.

எதைப் பார்க்க வேண்டும்? ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிடாமல், அவருடைய முந்தைய நாட்களோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கலகலப்பாக இருந்தவர் ஒதுங்கி உட்காருவது, நேரம் தவறாதவர் வாரத்தில் இரண்டு நாள் பேருந்தைத் தவறவிடுவது, நல்ல கைவேலைக்காரருக்குத் திருத்தம் கூடுவது ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் கேட்டே ஆக வேண்டும். நம் பெண்கள் யாரும் வந்து "எனக்கு மனச்சோர்வு" என்று சொல்ல மாட்டார்கள். தலை கிறுகிறுக்கிறது, மேலெல்லாம் வலிக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, காத்து கருப்பு அண்டிவிட்டது என்றுதான் சொல்வார்கள். உங்கள் முதலுதவி அறைப் பதிவேட்டை எடுத்து, ஒரே மாதத்தில் மூன்று முறைக்கு மேல் தலைவலி மாத்திரை வாங்கியவர்களின் பெயர்களைப் பாருங்கள். எந்தப் பேச்சாளரும் தர முடியாத செய்தி அதில் இருக்கும்.

கேட்பதற்குத்தான் பயிற்சி வேண்டும்; நாளின் பாதி நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள். இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒருவர் தொழிலாளியாகவும் ஒருவர் மேற்பார்வையாளராகவும் நடித்துப் பார்க்கட்டும். முதலில் சிரிப்பார்கள், பரவாயில்லை. லைனில் வைத்துக் கேட்கக் கூடாது. எந்திரம் ஓடாத நேரத்தில், தனியாக, உட்கார்ந்து, கண்ணால் கண்டதைச் சொல்லித் தொடங்க வேண்டும்: "ரெண்டு வாரமா பாக்குறேன்மா, சோத்து டப்பாவ அப்படியே திருப்பி எடுத்துனு போற. ராத்திரி தூக்கம் வருதா?" அதற்குப் பிறகு பேசாமல் இருக்கப் பழக வேண்டும். "எல்லாம் சரியாயிடும்", "உன்னவிடக் கஷ்டப்படறவங்க இல்லையா", "சாமிய வேண்டிக்கோ" என்று நல்லெண்ணத்தோடு சொல்லும் எந்த வாக்கியமும் எதிரில் இருப்பவரின் வாயை அடைத்துவிடும்.

"புள்ளைக்கு நான் வேணாம்" என்பது போன்ற பேச்சு காதில் விழுந்தால், "வாழவே வேணாம்னு தோணுதா?" என்று நேராகக் கேட்டுவிட வேண்டும். கேட்பதால் அந்த எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோமோ என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். அப்படி நேர்வதில்லை என்றே ஆய்வுகளும் என் அனுபவமும் சொல்கின்றன. கேட்கப்பட்டவர்கள் பெரும்பாலும் பெருமூச்சு விட்டு அழுதுவிடுவார்கள். ஆம் என்றால் அவரைத் தனியே விடக் கூடாது, தனியே பேருந்திலும் ஏற்றிவிடக் கூடாது. அவர் நம்பும் ஒருவரை வரவழைத்து அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. இரவோ பகலோ 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்ற அரசுத் தொலைபேசி மனநல உதவிச் சேவையைத் தமிழிலேயே கட்டணமின்றி அழைக்கலாம். 2022 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ள இந்த எண் பேருந்துக்குள்ளும் கழிவறைக் கதவின் உட்புறத்திலும் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். அறிவிப்புப் பலகையில் ஒட்டினால், நின்று படிப்பவரை நான்கு பேர் பார்ப்பார்கள்.

நீங்கள் சொன்ன பெண்ணின் நிலை பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு போலத் தெரிகிறது. நேரில் பார்க்காமல் உறுதி சொல்ல மாட்டேன். குணமாகக்கூடிய நோய் அது. ஆனால் தானாகப் போய்விடும் என்று காத்திருக்கக் கூடாது. அவர் வீட்டாரிடம் பேசும்போது தாயத்தைப் பழிக்காதீர்கள். தாயத்தும் இருக்கட்டும், மருத்துவரும் பார்க்கட்டும் என்று சொன்னால் கதவு திறக்கும். மூடநம்பிக்கை என்று தொடங்கினால் அதோடு சாத்திவிடுவார்கள்.

கசப்பான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2000ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் தொடங்கி உலகெங்கும் பரவிய மனநல முதலுதவிப் பயிற்சியைப் பற்றிப் பல ஆய்வுகள் நடந்திருக்கின்றன. பயிற்சி பெற்றவர்களின் அறிவும் துணிவும் கூடுகின்றன என்பது அவற்றில் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் அவர்களிடம் உதவி பெற்றவர்களின் நிலை தேறியது என்பதற்குச் சான்று மெலிந்தே இருக்கிறது. பிரிட்டனில் 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46,336 தொழிலாளர்களின் பதில்களை வைத்து 2024இல் வெளியான ஓர் ஆய்வு, மன அழுத்தத்தைச் சமாளிக்கும் வகுப்புகள், செயலிகள் போன்றவற்றில் கலந்துகொண்டவர்கள் கலந்துகொள்ளாதவர்களைவிட நலமாக இருக்கவில்லை என்று கண்டது. உலக சுகாதார நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் மேலாளர்களுக்குப் பயிற்சி அளிக்கச் சொல்வதோடு நிற்காமல், வேலைப் பளுவையும் வேலை நேரத்தையும் சேர்த்துச் சரிசெய்யச் சொல்கிறது. லைனில் கத்துவது நிற்காத இடத்தில் சனிக்கிழமை வகுப்பால் ஆகப்போவது ஒன்றுமில்லை.


மறுமொழி 2
பதிவிட்டவர்: ஆம்பூர் லைன் சூப்பர்வைசர்

மேலே அம்மா எழுதியதை இரண்டு முறை படித்தேன். பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எங்கள் பக்கத்தையும் யாராவது எழுத வேண்டும்.

எந்திரத்தில் உட்கார்ந்து ஆறு ஆண்டுகள் தைத்து, பிறகு மேற்பார்வையாளர் ஆனவன் நான். தைக்கத் தெரியும் என்பதற்காக என்னை எழுப்பி நிற்க வைத்தார்களே தவிர, நாற்பது பேரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று ஒருவரும் சொல்லித்தரவில்லை. லைனின் தலைமாட்டில் பலகை ஒன்று இருக்கும். ஒவ்வொரு மணிக்கும் எத்தனை ஜோடி வந்திருக்க வேண்டும், எத்தனை வந்தது என்று எழுதுவோம். மணிக்குப் பத்து ஜோடி குறைந்தாலும் மேலிருந்து தொலைபேசி வரும். அந்தக் குரல் என்னிடம் பேசியதையே நான் லைனில் திருப்பிப் பேசுகிறேன். நான் கத்துவது சரி என்று சொல்லவில்லை. கத்தும் பழக்கம் எங்கிருந்து இறங்கி வருகிறது என்பதைச் சொல்கிறேன். உங்கள் பயிற்சியில் முதல் வரிசையில் உற்பத்தி மேலாளர் உட்காரவில்லை என்றால், மற்றவர்கள் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

சொந்த அனுபவம் ஒன்றும் உண்டு. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஏற்றுமதி நெருக்கடி நேரத்தில் எனக்கு அடிக்கடி நெஞ்சு படபடத்து, மூச்சு அடைத்து, இதோ செத்துவிடுவேன் என்று தோன்றும். மூன்று இடங்களில் ஈசிஜி எடுத்தேன். மூன்றும் சுத்தமாக இருந்தன. "ஒன்றுமில்லை, போ" என்றார்கள். ஒன்றுமில்லை என்றால் ஏன் இப்படி ஆகிறது என்ற கவலையே பெரிய நோயாகிவிட்டது. கடைசியில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இளம் மருத்துவர் ஒருவர் தூக்கத்தைப் பற்றிக் கேட்டார்; இதயம் நன்றாக இருக்கிறது, இது பதற்ற நோய், மருந்து உண்டு என்றார். ஐந்து மாதத்தில் தேறினேன். இன்றுவரை கம்பெனியில் ஒருவருக்கும் சொல்லவில்லை. சென்னைக்காரர்களுக்குக் கீழ்ப்பாக்கம் போல எங்களுக்குப் "பாகாயம் கேஸ்" என்பது கேலிச்சொல். செவிலி அம்மா பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அந்தச் சொல் எங்கள் உணவுக்கூடத்தில் நாள்தோறும் காதில் விழுகிறது. என்னைப் போல மறைத்து வைத்திருக்கும் மேற்பார்வையாளர்கள் உங்கள் நாற்பது பேரிலும் இருப்பார்கள் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு பயிற்சியைத் தொடங்குங்கள். மற்றவர்களைக் கவனிக்க மட்டும் சொன்னால், எங்களைக் கவனிப்பவர் யார் என்ற கேள்வி எழும்.

தலைவலிப் பதிவேடு பற்றி ஒரு திருத்தம். பசை தடவும் மேசையில் உட்காருகிறவர்களுக்குக் கரைப்பான் வாடையாலேயே தலைவலியும் கிறுகிறுப்பும் வரும். புகைபோக்கி விசிறி சரியாக இழுக்கிறதா என்று பார்க்காமல், அவர்களுக்கு மனக்கவலை என்று முடிவு கட்டிவிட்டால் அது பெரிய அநியாயம். பதிவேட்டில் பெயரோடு அவர்கள் உட்காரும் இடத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

பயிற்சியைவிட எனக்கு உதவிய ஒரு விஷயம் உண்டு. யாருக்காவது நிலை சரியில்லை என்று தெரிந்தால், ஒரு வாரத்துக்கு அவரை நெருக்கடியான தையலிலிருந்து எடுத்து நூல் வெட்டும் இடத்திலோ பெட்டி மடிக்கும் இடத்திலோ உட்கார வைப்பேன். சம்பளம் குறையாது, பலகையில் எண்ணிக்கை மட்டும் சற்றுக் குறையும். இதற்கு யாரிடமும் காரணம் சொல்லத் தேவையில்லாத அதிகாரத்தை மேற்பார்வையாளருக்கு எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். அந்தப் பெண்ணுக்கு அந்த ஒரு வாரம் கிடைத்திருந்தால் ஊசி விரலில் இறங்கியிருக்காது என்று நினைக்கிறேன்.


மறுமொழி 3
பதிவிட்டவர்: தொழிற்சங்கத்துப் பழைய ஆள்

நிர்வாகத்தை இசைய வைக்க எண்ணிக்கை தேவைப்பட்டால், மனச்சோர்வாலும் பதற்றத்தாலும் உலகில் ஆண்டுதோறும் 1,200 கோடி வேலை நாட்கள் வீணாகின்றன என்ற உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டைக் காட்டுங்கள். நான் சொல்ல வந்தது வேறு.

பயிற்சியில் ஈஎஸ்ஐ எனும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டைப் பற்றி அரை மணி நேரம் கட்டாயம் சேர்க்க வேண்டும். மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுகிறவர்கள் இதன்கீழ் வருகிறார்கள், ஊதியத்தில் 0.75 விழுக்காடு பிடிக்கப்படுகிறது. ஆனால் மனத்துக்கு நோய் வந்தாலும் இந்தக் காப்பீடு பொருந்தும் என்பது பத்தில் ஒருவருக்குக்கூடத் தெரியவில்லை. சான்றளிக்கப்பட்ட நோய் விடுப்பில் ஆண்டுக்கு 91 நாட்கள் வரை ஊதியத்தில் 70 விழுக்காடு கிடைக்கும்; ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாட்களுக்குப் பணம் கட்டப்பட்டிருக்க வேண்டும். நீண்டகால நோய்களுக்கான நீட்டிக்கப்பட்ட பயன் 80 விழுக்காடு. அந்தப் பட்டியலில் மனச்சிதைவும் கடும் மனச்சோர்வின் சில வகைகளும் உள்ளன. ஆனால் அதற்குத் தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் பணியில் இருந்திருக்க வேண்டும். நீங்கள் சொன்ன பெண் விடுப்புக் கேட்காமல் நின்றுவிட்டார். "தகவலின்றி வராதவர்" என்று பெயரை அடித்திருந்தால் இந்த உரிமைகளைப் பெறுவது சிக்கலாகிவிடும். பெயரை அடிக்குமுன் வீட்டுக்கு ஒருவர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்பதை விதியாக்குங்கள்.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்று அதன் 115ஆம் பிரிவு கூறுகிறது. இதை நான் சொல்லக் காரணம், போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயத்தில் வீட்டார் மருத்துவமனைக்கே போகாமல் இருந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.


மறுமொழி 4
பதிவிட்டவர்: கே.வி.குப்பம் மகளிர் குழு

நாங்கள் கம்பெனிக்காரர்கள் இல்லை. சுய உதவிக் குழுக்களில் பயிற்சி அளிக்கிறவர்கள். ஆனாலும் உங்கள் பேருந்து எங்கள் ஊர்களிலிருந்துதானே புறப்படுகிறது.

வேலூரை அடுத்த கணியம்பாடி வட்டாரத்தில் 1994 முதல் 1999 வரை ஒவ்வொரு சாவையும் சுகாதாரப் பணியாளர்கள் வீடு தேடிச் சென்று காரணம் விசாரித்துப் பதிந்தார்கள். தற்கொலை லட்சத்துக்கு 95 பேர் என்று வந்தது. அதே காலத்தில் அரசுப் பதிவுகளின்படி நாடு முழுமைக்குமான கணக்கு லட்சத்துக்கு 11 பேர் அளவில்தான் இருந்தது. எங்கள் மண் மட்டும் சபிக்கப்பட்டது என்று இதற்குப் பொருளில்லை. வீடு வீடாகப் போய்க் கேட்டால்தான் உண்மை வெளிவரும் என்று பொருள். அந்த வட்டாரத்து இளம்பெண்களின் கணக்கு அதைவிட வேதனையானது. உங்கள் தையல் பிரிவில் உட்கார்ந்திருப்பவர்களும் அதே வயதுப் பெண்கள்தாம்.

படித்த ஆலோசகர் கிடைக்கவில்லையே என்று காத்திருக்கத் தேவையில்லை. ஜிம்பாப்வேயில் சுகாதார நிலைய வளாகத்தில் மர பெஞ்சு போட்டு, பயிற்சி பெற்ற பாட்டிமார்கள் அமர்ந்து வருகிறவர்களின் சிக்கலைக் கேட்டு, ஒன்றொன்றாக அவிழ்க்க உதவுகிறார்கள். 2016இல் வெளியான ஆய்வில் அதற்கு நல்ல பலன் தெரிந்தது. கோவாவிலும் மருத்துவப் படிப்பில்லாத உள்ளூர் ஆலோசகர்களை வைத்துச் செய்த முயற்சி 2010இல் வெளியாகி, பொது சுகாதார நிலையங்களில் பயனளித்ததாகக் காட்டியது. ஆனால் அந்தப் பாட்டிமார்களுக்கு மேலே ஒரு மேற்பார்வையும், கைமீறிப் போனால் அனுப்புவதற்கு ஓர் இடமும் இருந்தன. அவை இல்லாமல் பெஞ்சை மட்டும் போடுவதில் பயனில்லை.

எங்கள் அனுபவத்தில் மனப்பாரத்துக்குப் பின்னால் இரண்டு காரணங்கள் மாறி மாறி வருகின்றன: வீட்டில் குடி, வாரத் தவணை. குழுக் கடன் வசூலுக்குக் காலையில் ஆள் வந்து உட்கார்ந்தால், ஒருத்தி கட்டாவிட்டால் பத்துப் பேரும் அவளைப் பார்க்கும் பார்வை இருக்கிறதே, அதற்கு மாத்திரை கிடையாது. வற்புறுத்திக் கடன் வசூலிப்பதைத் தடுக்க 2025இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்திருக்கிறது. அதையும் உங்கள் பெண்களுக்குச் சொல்லுங்கள். ஒருவருக்குத் தூக்கம் கெட்டிருக்கிறது என்றால், முதலில் எத்தனை கடன் இருக்கிறது என்று கேட்கவும் மேற்பார்வையாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ரகசியம் காப்பதுதான் எங்களுக்கு மிகவும் கடினமாக இருந்தது. மாதக் கூட்டத்தில் பெயரைச் சொல்லாமல் "ஒரு பெண்ணுக்கு இப்படி" என்று எடுத்துக்காட்டுச் சொல்லிவந்தோம். இருநூறு வீடு உள்ள ஊரில் பெயரை மறைத்து என்ன பயன்? பேச்சு முடியுமுன்பே நான்கு பேர் ஒரே திசையில் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண் அதற்குப் பிறகு எங்களிடம் வரவே இல்லை. அன்றிலிருந்து எடுத்துக்காட்டுகளை முழுக்கக் கற்பனையாகவே சொல்கிறோம். உங்கள் பயிற்சியிலும் அந்தத் தையல் பிரிவுப் பெண்ணின் கதையைச் சொல்லிவிடாதீர்கள், சொல்லத் தோன்றும்.


கேள்வி கேட்டவர்: சிப்காட் நல அலுவலர்

எல்லோருக்கும் நன்றி. கடைசி வரியைப் படித்தபோது முகத்தில் அறைந்தது போலிருந்தது. அந்தக் கதையோடுதான் பயிற்சியைத் தொடங்குவதாக இருந்தேன். இங்கே ஊரையும் பிரிவையும் சொன்னதே அதிகம் என்று இப்போது படுகிறது.

ஒரு சந்தேகம் மட்டும் மீதமிருக்கிறது. தொழிலாளி ஒருவர் மேற்பார்வையாளரிடம் மனம்விட்டுப் பேசிவிட்டால், அவர் அதை எழுதி வைக்க வேண்டுமா? எனக்குத் தெரிவிக்க வேண்டுமா? மனிதவளப் பிரிவு எல்லாவற்றுக்கும் படிவம் கேட்கிறது.


மறுமொழி 5
பதிவிட்டவர்: ஓய்வுபெற்ற செவிலி, பாகாயம்

படிவம் வேண்டாம். மருத்துவரும் செவிலியரும் ரகசியம் காக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. மேற்பார்வையாளருக்கு அப்படிச் சட்டம் இல்லாததால் நீங்களே விதி எழுதிக்கொள்ள வேண்டும். இன்ன தேதியில் பேசினேன், இன்ன இடத்துக்கு வழிகாட்டினேன் என்பதற்கு மேல் ஒரு சொல்லும் தாளில் ஏறக் கூடாது. உங்களுக்குத் தெரிவிப்பதும் பேசிய தொழிலாளியின் சம்மதத்தோடுதான். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் மட்டும் சம்மதத்துக்குக் காத்திருக்கக் கூடாது. இதைப் பேசத் தொடங்கும்போதே அவரிடம் சொல்லிவிட வேண்டும், பிறகு சொன்னால் துரோகம் போலாகிவிடும்.

இன்னொன்று, எழுத மறந்துவிட்டேன். ஒரு பெண்ணின் துன்பத்துக்குக் காரணமே மேற்பார்வையாளராக இருந்தால் என்ன செய்வது? தொந்தரவு, தொடுதல், தவறான பேச்சு என்று ஏதாவது இருந்தால் அதை மனநலச் சிக்கலாக மடைமாற்றி ஆலோசனைக்கு அனுப்பிவிடக் கூடாது. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி அது உள்ளகப் புகார்க் குழுவுக்குப் போக வேண்டிய விஷயம். ஆகவே தொழிலாளிக்கு மேற்பார்வையாளரைத் தாண்டிப் போக இரண்டாவது வழி ஒன்று திறந்திருக்க வேண்டும். உங்கள் முதலுதவி அறைச் செவிலியரே அதற்குப் பொருத்தமானவர். தலைவலி மாத்திரைக்கு வந்தேன் என்று சொல்லிக்கொண்டு யாரும் உள்ளே போகலாம்.

ஆம்பூர்த் தம்பிக்கு: பசை மேசை பற்றி நீங்கள் சொன்னது முற்றிலும் சரி, எனக்குத் தோன்றவில்லை. கேலிச்சொல்லுக்கு நான் வருத்தப்படவில்லை. முப்பது ஆண்டுகளாகக் கேட்ட காது இது.


கேள்வி கேட்டவர்: சிப்காட் நல அலுவலர்

ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். ஒரு முழு நாளுக்குப் பதிலாக இரண்டு அரை நாட்கள், நடுவில் மூன்று வார இடைவெளி என்று நிர்வாகம் ஒத்துக்கொண்டது; பேருந்துப் பெண்கள் பதினான்கு பேர் ஊதியத்தோடு கலந்துகொள்கிறார்கள். உற்பத்தி மேலாளர் வருவதாகச் சொல்லியிருக்கிறார், வந்தால்தான் நிச்சயம். காரணம் கேட்காமல் இடம் மாற்றும் அதிகாரத்துக்கு இன்னும் ஒப்புதல் இல்லை; ஏற்றுமதி முடிந்து பார்ப்போம் என்கிறார்கள். அந்தப் பெண்ணின் பெயர் பட்டியலிலிருந்து எடுக்கப்படவில்லை. நேற்று மாலை அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். மாமியார்தான் முதலில் பேசினார். செவிலி அம்மா சொன்னபடி தாயத்தைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. வரும் வியாழக்கிழமை அடுக்கம்பாறைக்கு அழைத்துப் போகிறோம்.

முதலுதவி அறைக்கு இதுவரை கதவு இல்லை, துணித்திரைதான் தொங்குகிறது என்பதை நேற்றுதான் கவனித்தேன். தச்சரை வரச் சொல்லியிருக்கிறேன்.